ஒசாகாவில் போட்டி

அவள் சாப்பிடுவதைப் பார்த்தால் பசியில்லாதவர்களுக்கும் பசிக்கும் என்று எங்கள் கம்பெனி கேன்டீனில் சொல்வார்கள். எனக்கு வயிறு எரியும்.

ஆம்பூருக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது எங்கள் ஷூ கம்பெனி. நான் ஆபீஸில், வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கிற வேலை. அவள் சாம்பிள் ரூமில். புது மாடல் ஒன்று வந்தால் முதல் ஜோடிக்கு மேல்தோல் தைக்கிற கை அவளுடையதுதான். அந்தத் தையலைப் பார்த்துத்தான் மற்ற ஆயிரம் ஜோடிக்கும் அளவு. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். நான் அக்கா என்பேன், அவள் மேடம் என்பாள். அவளைக் கேட்காமல்தான் இதை எழுதுகிறேன். கேட்கிற நிலையில் நான் இல்லை. அதனால் பெயர் வேண்டாம்.

ஒரு மணிக்கு மணி அடித்ததும் சாம்பிள் ரூம் பெண்கள் எட்டுப் பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். அவள் டப்பாவைத் திறந்து நடுவில் தள்ளிவிடுவாள். பிறகு ஒவ்வொருத்தி டப்பாவிலும் கை வைப்பாள். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். புதிதாக வந்த பெண் யாராவது மூடியை மறைத்துக்கொண்டு சாப்பிட்டால், "சாப்புட வந்த எடத்துல இன்னா வெக்கம்?" என்று அதட்டுவாள். ஒரு வாய் வைத்துவிட்டுச் சொல்வாள்: "இது நேத்து வச்ச கொழம்பு. காலைல புளி கரைச்சி ஊத்திகிறா." அந்தப் பெண் சிரித்து ஒப்புக்கொள்வாள்.

ஆபீஸ்காரர்களுக்குத் தனி மேஜை. ஒருநாள் எதற்கோ என்னிடம் வந்தவள், பேச்சோடு பேச்சாக என் சாம்பாரில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"மேடம், உங்க அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லியா? உப்பு கம்மியா இருக்குது."

அதற்கு முந்தின நாள்தான் வேலூரில் டாக்டர் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் என்று சொல்லி உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார். மேஜையில் எல்லோரும் அசந்துபோனார்கள். அம்மாவுக்கு என்ன என்று விசாரித்தது அவள் மட்டும்தான். மறுநாள் நான் டப்பாவைத் திறக்கவே இல்லை, தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

இத்தாலியிலிருந்து ஒரு டெக்னீஷியன் ஒரு மாதம் வந்து தங்கியிருந்தான். வருவதற்கு முன்பு அவனுக்கு நாற்பது மெயில் எழுதியவள் நான். அறை, கார், குடிதண்ணீர் எல்லாம் என் ஏற்பாடு. பத்து நாள் ரொட்டியும் வாழைப்பழமும் தின்று வாடிப்போயிருந்தவனை, அவள் ஒரு மதியம் சாம்பிள் ரூம் மேஜையில் உட்காரவைத்து, தன் டப்பா பிரியாணியையும் கத்திரிக்காயையும் கையால் பிசைந்து எப்படித் தின்பது என்று காட்டிக்கொடுத்தாள். கிளம்புகிற நாளில் அவன் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கண்கலங்கினான். என் பெயரை முதலாளியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு நன்றி சொன்னான்.

இதெல்லாம் சின்ன எரிச்சல்கள். ஒசாகாதான் பெரிது. ஒசாகா என்னுடையது.

எங்கள் வீடு பள்ளிகொண்டாவில். ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒரு டீ குடிக்கக்கூட நான் தனியாகத் தெருவில் இறங்கியதில்லை. இறங்கக்கூடாது என்று யாரும் அடித்துச் சொன்னதில்லை. இறங்குகிற பெண் ஒருத்தியும் எங்கள் தெருவில் இல்லை, அவ்வளவுதான். படுத்துக்கொண்டு போனில் வீடியோ பார்ப்பேன். இருட்டியபின் ஒசாகா. சிவப்புக் காகித விளக்குகள், சந்துகள், கல்லில் பொரிகிற சத்தம், ஆவி, தோளோடு தோள் இடித்து நின்று குடிக்கிறவர்கள். ஒருவன் தனியாகக் கடை கடையாக ஏறி இறங்கித் தின்றுகொண்டே போவான். அவன் பின்னால் நானும் போவேன். நல்ல கடைகளின் பெயரை ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். நாற்பத்து மூன்று கடைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் காட்பாடியில் ரயிலேறிச் சென்னை போய் ஜப்பானிய மொழி படித்தேன். கம்பெனிக்குப் பயன்படும் என்று அப்பாவிடம் சொன்னேன். கம்பெனிக்கும் பயன்பட்டது.

எங்கள் ஷூக்களை வாங்குகிற ஒசாகாக்காரர்கள் ஒரு தடவை சரக்கைத் தங்கள் கிடங்கிலேயே நிறுத்திவைத்துவிட்டார்கள். மேல்தோல் தையல் சில ஜோடிகளில் பிரிகிறது என்று புகார். ஆளை அனுப்பிப் பிரித்துப் பார்த்து, சரிசெய்ய முடிந்ததை அங்கேயே சரிசெய்ய வேண்டும். மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "அவங்க தைக்கட்டும். நீ பேசு. ரெண்டு வாரம்."

நான் ஆறு வருடம் காத்திருந்த ஊர். அவளுக்கு அது ஜப்பானில் எந்த மூலை என்றுகூடத் தெரியாது. விமானத்தில் தன் தட்டை முடித்துவிட்டு, "நீங்க துன்னலியா மேடம்?" என்று என் தட்டையும் வாங்கிக்கொண்டாள்.

போன அன்று சாயங்காலம் இன்ஸ்பெக்ஷன் அறையின் தலைவர் எங்களை ஒரு ஓட்டலுக்கு அழைத்துப்போனார். அறுபதைத் தாண்டிய மனிதர். கழுத்து வரை இறுக்கிய டை. அவர் கேட்டார், நான் பதில் சொன்னேன். பயணம் எப்படி இருந்தது, இந்தியாவில் வெயிலா என்பதோடு பேச்சு தீர்ந்துபோனது. மறுநாள் வேலை முடித்த அசதியில் அறையிலேயே கப் நூடுல்ஸ்.

மூன்றாம் நாள் நான் நோட்டை எடுத்தேன். முதல் கடையின் முன்னால் ஐம்பது பேர் வரிசையில் நின்றார்கள்.

"எதுக்கு நிக்கிறாங்க?"

"ரொம்ப பேர்போன கடைக்கா. எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும்."

"வரிசைல நின்னு துன்றதுக்கு நம்ம ஊரு ரேஷன் கடையே போதுமே மேடம்" என்றாள். மூக்கை உயர்த்தினாள். "எங்கியோ நல்லா கருவுது. வாங்க."

அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு ரயில் பாலத்துக்கு அடியில் ஒரு சந்துக்குள் போனாள். கதவில்லாத கடை. பிளாஸ்டிக் திரை தொங்கியது. உள்ளே நாற்காலி கிடையாது, ஒரு மரப்பலகையை ஒட்டிப் பன்னிரண்டு பேர் நிற்கலாம். நாங்கள் போனபோதே பன்னிரண்டு பேர் நின்றார்கள். அடுப்புக்குப் பின்னால் தலையில் துண்டு கட்டிய ஒரு அம்மா. என் நோட்டில் இல்லாத கடை. வெளியே ஒட்டியிருந்த விலைப்பட்டியலை நான் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். இடம் இல்லையே, கேட்டுப் பார்க்கலாமா, எந்தச் சொல்லால் கேட்டால் மரியாதை என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். அதற்குள் அவள் திரையை விலக்கிக்கொண்டு போய்விட்டாள். கோட்டு போட்ட இரண்டு ஆட்கள் முழங்கையை ஒடுக்கிக்கொண்டு நகர்வது தெரிந்தது. அவள் தலை மட்டும் வெளியே வந்தது.

"இன்னா நின்னுகினு இருக்க? வா பாப்பா."

மேடம் என்று சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த அம்மா கல்லிலிருந்து ஒரு தட்டை எடுத்து வைத்தாள். அக்கா ஒரு துண்டை வாயில் போட்டாள். மென்றாள். கண் விரிந்தது.

"போட்டி! பாப்பா, இது போட்டி! நம்ம ஊரு மாட்டுப் போட்டி!"

குடல்தான். எங்கள் வீட்டில் மாட்டுக்கறி வாங்குவதில்லை. ஆம்பூரில் அவள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமையென்றால் அதுதான். ஒரு துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அழுக்கில்லாமல் எப்படிக் கழுவினாய் என்று இரண்டு கைகளாலும் துணி கசக்குவதுபோல் செய்து கேட்டாள். கடைக்கார அம்மா அடுப்புக்குக் கீழே குனிந்து மாவையும் உப்பையும் எடுத்துக் காட்டினாள். அக்கா தலையை ஆட்டிவிட்டு, ஆம்பூரில் சுண்ணாம்பும் மஞ்சளும் போட்டுத்தான் கழுவுவோம் என்று, விரலில் சுண்ணாம்பு தடவுவதுபோல் ஒரு அபிநயம் செய்தாள், மஞ்சளுக்குப் பக்கத்து ஆளின் மஞ்சள் டையைத் தொட்டுக் காட்டினாள். கடை முழுக்கச் சிரித்தது. அந்த ஆள் டையைக் கழற்றி அவள் கையில் கொடுக்கப் போனான். நான் ஆறு வருடம் படித்த மொழியை வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தேன். கடைசியில் கடைக்கார அம்மா என் பக்கம் திரும்பினாள். வந்துவிட்டது என் முறை என்று நிமிர்ந்தேன்.

"அவர் ஊரில் பெரிய சமையற்காரரா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ராத்திரியும் அவள் மூக்குப் போன வழிதான். எலுமிச்சையளவு குழிகளில் சுட்ட உருண்டையை ஊதாமல் வாயில் போட்டுத் துடித்துவிட்டு, "பணியாரத்துக்குள்ள மீன பூட்டி வச்சிக்கிறான்" என்றாள். உள்ளே இருந்தது ஆக்டோபஸ். சொன்னேன். "எட்டுக் காலா? இன்னும் நாலு வாங்கு" என்றாள். மழை பெய்த ஒரு ராத்திரி, சாற்றில் பலமணி நேரம் வெந்த முள்ளங்கி ஒன்றைத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். தொட்டதும் கரைந்தது. தட்டில் மிஞ்சிய சாற்றையும் உறிஞ்சினாள். "முள்ளங்கிக்கு இவ்ளோ மரியாத நம்ம ஊர்ல யாருமே குடுக்கல பாப்பா." சூடாக்கிய அரிசிச் சாராயத்தை ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தபோது முகர்ந்து பார்த்து, ஒரு மடக்குக் குடித்து, நெஞ்சில் கைவைத்து அது இறங்குகிற வழியைக் காட்டினாள். எந்தக் கடையில் தொடங்கினாலும் முடிவது பாலத்துக்கு அடியில், அந்த அம்மாவின் கடையில்.

போன் மொழிபெயர்ப்பையும் ஒருநாள் முயன்றாள். "செமையா கீது, ஆனா காரம் கம்மி" என்று அதனிடம் சொன்னாள். அது ஜப்பானிய மொழியில் யானையைப் பற்றி ஏதோ அறிவித்தது. கடையில் பத்து நிமிடம் யாராலும் குடிக்க முடியவில்லை.

அங்கிருந்தே புருஷனுக்கு வீடியோ போட்டாள். அவர் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருப்பார். "யோவ், பாரு. இது போட்டி. இது சாராயம். நான்தான் குடிக்கிறேன்." அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு. "பாத்துக் குடி. மேடத்துக்குத் தொந்தரவு குடுக்காத." அதே நேரத்தில் என் அப்பாவின் அழைப்பு வந்தது. ரூமுக்குப் போய்விட்டாயா என்றார். ரூம்லதான்பா இருக்கேன் என்றேன். பின்னால் பன்னிரண்டு ஆண்கள் சிரித்தார்கள். டிவி என்றேன்.

அவளுக்குக் கிடைத்து எனக்குக் கிடைக்காதது எதுவும் இல்லை. என் தட்டிலும் அதே முள்ளங்கிதான். ஆனால் வாயில் வைக்கும்போது நான் வேறு எதையாவது யோசித்துக்கொண்டிருப்பேன். சரியாகக் குச்சி பிடிக்கிறேனா, பக்கத்து ஆள் பார்க்கிறானா, இதை வீடியோவில் என்னவென்று சொன்னார்கள். அவளுக்கு வாயில் இருப்பது மட்டும்தான். நான் தேடித் தேடி ஆசைப்பட்ட ஊர், ஒன்றும் தெரியாமல் வந்தவள் மடியில் போய் உட்கார்ந்துகொண்டது. ராத்திரி அறையில் அவள் குறட்டை விடும்போது நான் விழித்துக்கொண்டு கிடப்பேன்.

வேலை நன்றாகவே முடிந்தது. தையல் பிரிந்தது நூலால் அல்ல, ஊசியின் கனத்தால் என்று முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். கடைசி நாள் அவளே சொன்னாள்: "அந்த பெரியவரையும் கூப்டு பாப்பா. பாவம், தெனம் தனியா போறாரு."

வரமாட்டார் என்று நினைத்துத்தான் இன்ஸ்பெக்ஷன் அறைத் தலைவரைக் கேட்டேன். வந்தார். திரையை விலக்கிக்கொண்டு நுழைந்தவரை அவள் தன் பக்கத்தில் நிற்கவைத்தாள். இரண்டாவது கிண்ணத்தில் டையைத் தளர்த்தினார். அவள் தன் ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தையல் மெஷின் ஊசி நகத்தைத் துளைத்துப்போன தழும்பு. அவர் தன் இடதுகைப் பெருவிரலைக் காட்டினார். தோல் வெட்டுகிற கத்தி. இருவரும் இரண்டு விரல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர் கிண்ணத்தை வைத்துவிட்டு நிமிர்ந்து நின்று என்னிடம் பேசினார். ஆபீஸில் பேசுகிற மரியாதை மொழி.

பல நாட்டுச் சரக்கு அந்த அறைக்கு வருகிறது, தையல் தெரிந்த கண் அங்கே இல்லை, இவர் ஒரு வருடம் வந்து இருக்க முடியுமா, இரண்டு பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும், முறைப்படி கம்பெனிக்கு எழுதுவேன், அதற்கு முன்னால் இவரைக் கேட்க விரும்புகிறேன் என்றார்.

அதை ஒரு சொல் குறையாமல் அவளிடம் சொன்னேன்.

"ஒரு வருஷமா?" கடையைச் சுற்றிப் பார்த்தாள். அடுப்பை, திரையை, நின்றவர்களை. "கொஞ்சம் கஷ்டந்தான். சின்னவ பத்தாவது போறா. அவுரு தனியா கெடப்பாரு." அப்புறம் முகம் மலர்ந்தது. "ஆனா வர்றேன். வர்றேன்னு சொல்லு பாப்பா."

நான் அவர் பக்கம் திரும்பினேன். "ச்சோத்தோ முஸுகஷீ" என்றேன். கொஞ்சம் கஷ்டம்.

அவ்வளவுதான் சொன்னேன். பொய் இல்லை, அவள் சொன்ன சொல்தான். ஆனால் அந்த ஊரில் முகத்துக்கு நேரே முடியாது என்று யாரும் சொல்லமாட்டார்கள். கொஞ்சம் கஷ்டம் என்று சொன்னால் முடியாது என்றே அர்த்தம். மேற்கொண்டு வற்புறுத்தக்கூடாது என்றும் அர்த்தம். சென்னையில் மூன்றாவது மாதத்திலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். எனக்கு நன்றாகத் தெரியும்.

பெரியவர் புரிகிறது என்று சொல்லித் தலையைத் தாழ்த்தினார். தன் கையாலேயே அவள் கிண்ணத்தை நிரப்பினார். அவர் ஒத்துக்கொண்டுவிட்டார் என்று அவளும் சந்தோஷமாகத் தலையைத் தாழ்த்தினாள்.

ஊருக்கு வந்ததும் கேன்டீன் முழுக்கச் சொன்னாள். புருஷனுக்கு ரசம் வைக்கக் கற்றுக்கொடுத்தாள். அவர் வைத்த ரசத்தை டப்பாவில் கொண்டுவந்து எட்டுப் பேருக்கும் கொடுத்து மார்க் போடச் சொன்னாள். வேலூர் பஜாரில் ஸ்வெட்டர் வாங்கினாள். வாரத்துக்கு ஒருமுறை ஆபீஸ் பக்கம் வந்து, "லெட்டர் வந்துச்சா பாப்பா?" என்பாள். இன்னும் இல்லைக்கா என்பேன். அது உண்மை.

இரண்டு மாதம் கழித்து மெயில் வந்தது. தையல்காரரால் வர இயலாது என்பதால், மொழி தெரிந்த நான் ஒரு வருடம் வந்து கம்பெனிக்கும் அவர்களுக்கும் நடுவில் இருக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். மூன்று முறை படித்துவிட்டு மேனேஜர் மேஜைக்கு எடுத்துப்போனேன்.

அவள் அன்று சாயங்காலமே வந்தாள். கோபமாக வருவாள் என்று எதிர்பார்த்தேன். "அவருக்கு இன்னா தோணிச்சோ. ஆபீஸ் வேலைன்னா நீதான் சரி" என்றாள். நான் கிளம்புகிற வாரம் மிளகாய்ப்பொடி இரண்டு டப்பா, இட்லிப்பொடி ஒரு டப்பா. அந்த ஸ்வெட்டர். "நீ போனா இன்னா, நான் போனா இன்னா. நம்ம கடைக்குப் போயி நான் கேட்டேன்னு சொல்லு." அந்தப் பெருந்தன்மை இருக்கிறதே, அதுவும் எனக்கு எரிந்தது.

ஒசாகாவில் முதல் ஒரு மாதம் பாலத்துப் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு ராத்திரி போனேன். சுவரோரம் போய் நின்றேன். கடைக்கார அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. முகமெல்லாம் சிரிப்பாக எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"வர்றேன்-சான் எங்கே?"

சான் என்பது அங்கே பெயரோடு ஒட்டுகிற மரியாதைச் சொல்; வர்றேன் யார் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. அக்கா ஒவ்வொரு ராத்திரியும் கடையைவிட்டுக் கிளம்பும்போது கையை ஆட்டி "வர்றேன், வர்றேன்" என்று சொல்லிவிட்டு வருவாள். அதை அந்த அம்மா அவளுடைய பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. யோசிக்காமல் விளக்கினேன். அது பெயர் இல்லை, எங்கள் ஊரில் கிளம்பும்போது போகிறேன் என்று சொல்லமாட்டோம், திரும்ப வருவேன் என்று அர்த்தம் என்றேன்.

"வருவேன்" என்று அந்த அம்மா தனக்குள் சொல்லிப் பார்த்தாள். கல்லில் இருந்ததைத் திருப்பிப் போட்டாள். "கடைசி நாள் அந்த ஐயா கேட்டபோதும் அவர் அதைச் சொன்னாரே. இரண்டு முறை சொன்னார்."

நான் பலகையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு துணியை எடுத்துப் பலகையைத் துடைத்தாள். என் தட்டை இரண்டு கைகளாலும் பிடித்து, தலை தாழ்த்தி, என் முன்னால் வைத்தாள். அன்றிலிருந்து என்னிடம் மிகுந்த மரியாதையோடுதான் பேசினாள். முன்பின் தெரியாத வாடிக்கையாளரிடம் பேசுகிற மரியாதை.

நோட்டில் இருந்த நாற்பத்து மூன்று கடைகளுக்கும் போனேன். இருட்டியபின் தனியாக, பயமில்லாமல், கேட்க ஆளில்லாமல். நான் ஆசைப்பட்டது அப்படியே கிடைத்தது. சில கடைகளில் உண்மையாகவே நன்றாக இருந்தது, அதையும் மறைக்கமாட்டேன். ஆனால் ஆம்பூரில் தன் வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் அக்கா கூப்பிட்டுவிடுவாள். "இன்னிக்கி இன்னா துன்ன?" கடைப் பெயர், அது எத்தனை வருடப் பழைய கடை, எந்த மீன் என்று அடுக்குவேன்.

"பேரு கெடக்கட்டும். ருசிய சொல்லு பாப்பா."

ருசியைச் சொல்ல எனக்கு வராது. அவளே கேட்டுக் கேட்டு எடுப்பாள். நாக்கு வழுக்குச்சா, தொண்டையில நின்னுச்சா, துன்னு முடிச்சும் வாய்ல இருந்துச்சா. நான் தின்றதை ஆம்பூரில் இருந்துகொண்டு அவள்தான் தின்றாள். போனை வைத்தபின் என் வாயில் ஒன்றும் மிஞ்சாது.

வருடம் முடிந்து ஊருக்கு வந்த மறுநாள், ஷிஃப்ட் முடியும்வரை காத்திருந்து சாம்பிள் ரூமுக்குப் போனேன். மற்றவர்கள் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். அவள் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பெரியவர் கேட்டதை, அவள் சொன்னதை, நான் சொன்னதை, அந்தச் சொல்லுக்கு அங்கே என்ன அர்த்தம் என்பதை.

எண்ணெய்க் குப்பியை மூடி வைத்தாள்.

"தெரிஞ்சேதான் சொன்னியா?"

"ஆமாக்கா."

"எதுக்கு?"

"பொறாமைக்கா."

அழுவாள், அறைவாள் என்றெல்லாம் நினைத்திருந்தேன். அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். உண்மையாகவே அவளுக்குப் புரியவில்லை.

"எங்கிட்ட இன்னா இருக்குதுன்னு பொறாம? நீ படிச்சவ. ஏசி ரூம்ல உக்கார்ற. நாலு பாஷ பேசுற. நான் ஒம்பதாவதோட நின்னவ. காலைல நாலு மணிக்கு எழுந்து சோறாக்கிட்டு பஸ் ஏறுறவ. எங்கிட்ட இன்னா இருக்குது?"

நீ சாப்பிடுகிறாய் என்று வாய்வரை வந்தது. சொன்னால் பைத்தியம் என்பாள்.

"சின்னவள அவங்க அத்த வீட்ல விடறதுக்குப் பேசி வச்சிருந்தேன்" என்றாள். "அவுரு ராத்திரி ஷிஃப்ட்ட மாத்திகினாரு. எல்லாத்துகிட்டயும் சொல்லிட்டு அப்பறம் போவலன்னா எப்டி இருக்கும்னு உனக்குத் தெரியுமா? ரெண்டு மாசம் கேட்டாங்க. இன்னா ஆச்சு, இன்னா ஆச்சுன்னு." கையைத் துணியில் துடைத்தாள். விரல் விரலாகத் துடைத்தாள். "போன் போடுங்க மேடம்."

"யாருக்குக்கா?"

"அந்த பெரியவருக்கு. நான் சொல்றத சொல்லுங்க. அப்டியே சொல்லுங்க."

ஒசாகாவில் ராத்திரி பத்து மணி இருக்கும். எடுத்தார். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லி நிறுத்துவாள், நான் சொல்லி முடிக்கும்வரை என் வாயையே பார்ப்பாள். அன்று நான் வர்றேன்னு சொன்னேன். இந்த மேடம் அதை மாற்றிச் சொல்லிவிட்டார். வேண்டுமென்றுதான் சொன்னார். நானே என்னைக் குற்றவாளி என்று இன்னொரு மொழியில், மரியாதை விகுதிகளோடு, சொல்ல வேண்டியிருந்தது. பிறகு பெரியவர், கேள்வியை மறுபடி கேட்கிறேன், இன்னும் இடம் இருக்கிறது, வர முடியுமா என்றார். என்னிடம் தனியாக ஒரு சொல்லும் பேசவில்லை.

அவள் பதில் சொன்னாள். நான் மொழிபெயர்த்தேன். போனை வைத்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "விளக்க அணைச்சிட்டு வாங்க மேடம்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

நாலு மாதத்தில் கிளம்பிப் போனாள். ஒரு வருடத்துக்கு என்று போனவளை அவர்கள் விடவில்லை, மூன்று வருடமாகிறது. பள்ளி லீவில் மகள்களும் புருஷனும் ஒருமுறை போய்விட்டு வந்தார்கள். இன்ஸ்பெக்ஷன் அறையிலிருந்து வருகிற அறிக்கைகளில் தையல் பற்றிய பகுதி அவளுடையது. யாரோ ஜப்பானிய மொழியில் தட்டச்சு செய்கிறார்கள். நான் அதை ஆங்கிலத்தில் எழுதி மேனேஜருக்குக் கொடுக்கிறேன். ஒரு சொல்லையும் மாற்றுவதில்லை. எனக்கென்று அவள் எதுவும் எழுதியதில்லை. இரண்டு பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பினேன். பதில் இல்லை.

சாம்பிள் ரூம் பெண்களுக்குப் போட்டோ அனுப்புகிறாள். மத்தியானம் மூன்றரைக்கு டீ மணி அடிக்கும். ஒசாகாவில் அப்போது ஏழு மணி, இருட்டிவிட்டிருக்கும். எட்டுப் பேரும் ஒரு போனைச் சுற்றித் தலையை முட்டிக்கொண்டு நிற்பார்கள். சிரிப்புச் சத்தம் ஆபீஸ் கண்ணாடி வரை கேட்கும். போன வாரம் நான் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கம் போய் நின்றேன். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, நடந்தது எதுவும் தெரியாதவள், என்னைப் பார்த்ததும் போனைத் திருப்பிக் காட்டினாள்.

"மேடம், நீங்க அங்க ஒரு வருஷம் இருந்தீங்களாமே. அக்கா துன்றது இன்னான்னு சொல்லுங்க."

படத்தில் பலகையை ஒட்டி அக்கா நின்றிருந்தாள். தலையில் நரை கொஞ்சம் கூடியிருந்தது. வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு கண்ணைப் பாதி மூடியிருந்தாள். முன்னால் ஒரு நீலத் தட்டில் வெள்ளையாக, விளிம்பு மட்டும் கருகி, மேலே பச்சையாக ஏதோ தூவி இருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மீனா, கிழங்கா, குடலா என்று பிடிபடவில்லை. நாற்பத்து மூன்று கடைகளில் நான் அதைப் பார்த்ததில்லை.

"தெரியலம்மா" என்றேன். போனைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. "இந்த போட்டோவ எனக்கும் அனுப்பேன்."

அந்தப் பெண் மற்றவர்களைப் பார்த்தாள். அவர்கள் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்காவ ஒரு வார்த்த கேட்டுட்டு அனுப்புறேன் மேடம்" என்றாள்.